இருபதாவது பெயர்

போன் வகுப்புப் பட்டியலில் கிருஷ்ணப்பிரியா என்ற பெயர் அன்றைக்கு இரண்டு தடவை இருந்தது.

கை முழுக்க மாவு. கார்த்திகா சுண்டுவிரலை நைட்டியில் துடைத்துவிட்டுத் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கார்த்திகா, கிருஷ்ணப்பிரியா, கிருஷ்ணப்பிரியா, கௌதம். ஒரு கிருஷ்ணப்பிரியா யாரென்று அவளுக்குத் தெரியும். அது அவள் மடியில் கிடக்கிற, மூலையில் விரிசல் விட்ட அம்மாவின் பழைய போன். இன்னொன்று யார்?

கிருஷ்ணப்பிரியா ஆகஸ்டு மாதமே செத்துப்போனவள்.

வலிப்பு வருவதற்கு முன்னால் கார்த்திகாவுக்குச் சில நேரம் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். அதனால் முதலில் பைப்பைப் பார்த்தாள். ஒன்றுதான். கிரைண்டரைப் பார்த்தாள். குனிந்து குழவியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் ஒன்றுதான். பெயர் மட்டும் இரண்டாக நின்றது.

"இன்னாடி முழிச்சிகினு கீற? மெஸ்காரரு வண்டி எடுத்துகினு வந்துடுவாரு. ஒரு கிலோ பாக்கெட்டு பத்து கட்டு" என்றாள் ஜெகதாம்பாள்.

"க்ளாஸும்மா."

"காதுதானே க்ளாஸுக்கு? கைக்கு இன்னா வேல?"

நெமிலிச்சேரியில் அந்தத் தெருவுக்கே ஜெகதாம்பாள் மாவுதான். மார்கழியில் மாவு சீக்கிரம் புளிக்காது, அதனால் விடிவதற்கு முன்பே இரண்டு கிரைண்டரும் ஓடத் தொடங்கிவிடும். அப்பா பக்தவத்சலம் மண்ணூர்பேட்டையில் பிரஸ் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே குறட்டை விட்டுத் தூங்குவார்.

சுதா மிஸ் வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தாள். பெயரைக் கூப்பிட்டால் சாட்டில் எழுதவேண்டும். கார்த்திகா தன் போனில் 'உள்ளேன் மிஸ்' போட்டாள். தன் மைக்கை அணைத்துவிட்டு, பழைய போனைக் கையில் எடுத்தாள்.

"கிருஷ்ணப்பிரியா."

அவள் விரல் படுவதற்குள் எழுத்து வந்து விழுந்தது. உள்ளேன் மிஸ்.

நெட் நின்றுவிட்டதோ என்று நினைக்கும்படி மிஸ்ஸின் முகம் திரையில் அப்படியே இருந்தது.

"மிஸ், கிருஷ்ணப்பிரியா ரெண்டு பேரு கீறாங்க மிஸ்! டபுள் ஆக்டு!" என்று பூந்தமல்லியிலிருந்து கௌதம் கத்தினான். அவன் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டே படிக்கிறவன். அவன் பேசினால் பின்னால் எப்போதும் யாராவது சாமந்திக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"நெட்வொர்க் ப்ராப்ளம். வாய மூடு. அடுத்து, கௌதம்."

"வாய மூடிகினேன் மிஸ். உள்ளேன் மிஸ்."

அது போனில் நடக்கிற அரசுப் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பு மட்டும்தான். தெருவில் கேட்டால் 'போன் ஸ்கூலு' என்பார்கள். மற்றப் பள்ளிக்கூடங்களில் உட்கார முடியாமல் போனவர்களாகப் பார்த்துச் சேர்த்திருந்தார்கள். கல்யாணமாகி வயிற்றுப் பிள்ளையோடு இருந்த சுரேகா, வேப்பம்பட்டில் செங்கல் சூளையில் இருந்த அண்ணன் தம்பி, எலும்பு ஒடிந்து ஒடிந்து கட்டிலோடு கிடக்கிற ராகேஷ், எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டுகிற பெண்கள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து இருதயக் கோளாறோடு சேர்ந்த கிருஷ்ணப்பிரியா. மொத்தம் இருபது பேர். இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் மூடிவிட்டு, பிள்ளைகளை அவரவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிடுவோம் என்று மேலிடத்தில் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

கார்த்திகா ஒன்பதாவதில் பிரேயரில் விழுந்தவள். கண் விழித்தபோது பாவாடை நனைந்திருந்தது, சுற்றிலும் அறுநூறு பேர் நின்றிருந்தார்கள். மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ், "தினமும் கூட ஒரு ஆள் வந்து உக்காந்தா வெச்சுக்கறோம்" என்றாள். மாவு வீட்டில் உட்காருவதற்கு ஏது ஆள்? அந்த ஸ்கூல் பக்கமாக பஸ் போனால்கூட கார்த்திகா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆகஸ்டில் சுதா மிஸ் போன் செய்து அழுதாள். கிருஷ்ணப்பிரியாவின் அப்பா மணவாளன் தகவல் சொல்லியிருந்தார். "பத்தொம்பது ஆயிட்டோம் கார்த்திகா. பரீட்சைக்குப் பேர் அனுப்பற வரைக்கும் இழுத்துட்டோம்னா எல்லாரும் தப்பிச்சிருவோம். உங்க வீட்ல ரெண்டு போன் இருக்குல்ல?" பாஸ்வேர்டையும் அவளே சொன்னாள்.

அப்படித்தான் தொடங்கியது. காலையில் ஒரு 'உள்ளேன் மிஸ்' போதும் என்றுதான் இருந்தது. அப்புறம் மாதத் தேர்வு வந்தது. தன் தேர்வை எழுதி அனுப்பியதும் சரியான விடை திரையில் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிருஷ்ணப்பிரியாவுக்கு எழுதுவாள். அதனால் கார்த்திகா செய்கிற தப்பைக் கிருஷ்ணப்பிரியா செய்வதே இல்லை. அரையாண்டில் கணக்கில் கார்த்திகா எழுபத்தொன்று, கிருஷ்ணப்பிரியா தொண்ணூற்று நான்கு. பள்ளியிலேயே முதல். "செத்தவளுக்குக் கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்கக் கூடாதா?" என்று மிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் மிஸ் கூப்பிட்டாள். "ரெண்டு போன்ல எதுக்குப் போட்டே?"

"நான் ஒண்ணுலதான் மிஸ் போட்டேன்."

"அப்ப அது?"

"தெரியல மிஸ்."

"அந்த வீட்ல போன் சும்மா கிடந்திருக்கும். தானா ஆன் ஆயிருக்கும்."

"தானா எழுதுமா மிஸ்?"

மிஸ் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பனி கலையவே இல்லை. எதிர் வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. வகுப்பு பாதி ஓடும்போது பழைய போனில் ஒரு செய்தி வந்தது. எல்லாரும் பார்க்கிற இடத்தில் இல்லை. கிருஷ்ணப்பிரியாவிடமிருந்து கிருஷ்ணப்பிரியாவுக்கு, தனியாக.

சாப்ட்டியா?

கார்த்திகா போனைக் கவிழ்த்து வைத்தாள். உளுந்து ஊறுகிற வாளியில் நுரைக்குமிழி ஒவ்வொன்றாக உடைந்தது. திரும்ப எடுத்துப் பார்த்தபோது இன்னொரு வரி இருந்தது.

மாத்திர போட்டியா?

அவளுடைய மாத்திரை அப்போது பக்கத்திலேயே டம்ளர் மூடியின் மேல் இருந்தது. இன்னும் போட்டிருக்கவில்லை. வீடு முழுக்கத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வாசலில் தராசு பிடித்துக்கொண்டிருந்தாள், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மாத்திரையை எடுத்து விழுங்கினாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே எழுதினாள்.

போட்டேன்.

பிறகு வந்தது: நல்ல பிள்ள.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. இன்னைக்கி குளுரு, காதுல துணி கெட்டிக்கோ. மூச்சு வாங்குதா? மேல ஏறாத. கார்த்திகா ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள். போடாமல் விட்டால் அது பெயரைச் சொல்லி வெளியே கூப்பிட்டுவிடுமோ என்று பயம். போட்டால், இல்லாதவளுக்காக நாம் மூச்சு விடுகிறோம் என்று பயம். மூன்றாவது நாள் மாடிப்படி ஏறும்போது அவளுக்கே மூச்சு வாங்கியது. நாலாவது நாள், வகுப்பில் மிஸ் "கார்த்திகா" என்று கூப்பிட்டபோது அவள் பேசாமல் இருந்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம், அரிசி களையும்போது, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆகஸ்டிலிருந்து ஆரம்பித்தாள். ஜெகதாம்பாள் அண்டாவில் கையை விட்டபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்துபோய் இரண்டு கிரைண்டரையும் நிறுத்தினாள். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அப்படி ஓர் அமைதியைக் கார்த்திகா கேட்டதே கிடையாது.

"அந்தப் போனக் குடு."

ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பேயாம்மா?" என்றாள் கார்த்திகா.

"த்தூ. சாப்ட்டியான்னு பேயி கேக்குமாடி? பெத்தவடி இது. ஒரு பெத்தவ ஊட்டுப் பேர எடுத்து வெச்சிகினு நீயும் உன் மிஸ்ஸும் வெளாண்டுகினு இருந்துகீறீங்க." சேலையால் மூக்கைத் துடைத்தாள். "கெளம்பு."

"எங்க?"

"அவ ஊட்டுக்குத்தான். கால்ல விழுந்தாவது இத்தோட உட்டுடுன்னு கேக்கணும்."

மிஸ்ஸுக்குப் போன் போட்டார்கள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்கம்மா" என்று கெஞ்சினாள் சுதா. "பரீட்சைக்குப் பேர் சரிபார்க்க ஆபீசர் வராரு. அன்னிக்கி மட்டும் இருபது காட்டிட்டா உங்க பொண்ணு நம்ம ஸ்கூல் பேர்லயே பரீட்சை எழுதிடுவா. இல்லன்னா பழைய ஸ்கூலுக்குத்தான் போகணும். அவளுக்கு அது முடியுமான்னு அவளையே கேளுங்க."

ஜெகதாம்பாள் கேட்கவில்லை. மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டாள்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே மஞ்சள், ஒரே கதவு. வேப்ப மரத்துக்குக் கீழே பழுத்த இலை உதிர்ந்து கிடந்தது. எண்ணைப் பார்த்துக் கதவைத் தட்டுவதற்குள் அது திறந்தது.

"கார்த்திகாதான? வா பிள்ள. வாங்கக்கா."

தாட்சாயிணி ஒல்லியாக, தலை வாரிப் பூ வைத்து, எங்கோ கிளம்பியவள் மாதிரி இருந்தாள். திருநெல்வேலிப் பேச்சு. மணவாளன் ஷிப்ட்டில் இருந்தார்.

"எம்பேரு எப்டி தெரியும் ஆன்ட்டி?"

"க்ளாஸ்ல உங்க வீட்டு கிரைண்டர் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்லா. எம்பிள்ள பேரக் கூப்பிடும்போது மட்டும் அந்தச் சத்தம் நின்னுரும். ரெண்டு நாள் பாத்தேன். மூணாவது நாள் புரிஞ்சிட்டு." சிரித்தாள். "உக்காருங்க. காப்பி போடுதேன்."

"காப்பில்லாம் வோணாம்மா" என்றாள் ஜெகதாம்பாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தப்பு பண்ணிட்ச்சிம்மா கொயந்த. பெரிய தப்பு. எதுனா திட்டணும்னா என்னத் திட்டு."

"திட்டவா? எதுக்குத் திட்ட?" தாட்சாயிணி போனை எடுத்து நீட்டினாள். பள்ளியிலிருந்து தினமும் காலை பத்து இருபதுக்குப் பெற்றோருக்குப் போகிற செய்தி. அதை மிஸ்ஸும் மறந்திருந்தாள், கார்த்திகாவும் மறந்திருந்தாள். "இங்க பாருங்க. பிள்ள போன நாள்ல இருந்து, வரவில்லை, வரவில்லை, வரவில்லைன்னு வருது. பதினாறு நாளும் வருது. காரியம் முடிஞ்சு மறுநா, இவுக மொட்டை போட்டுட்டு வந்து படுத்திருக்காவ, டிங்குன்னு சத்தம். 'தங்கள் மகள் கிருஷ்ணப்பிரியா இன்று வகுப்பில் கலந்துகொண்டார்.'"

தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்தது.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிராதீங்கக்கா. நாந்தான அவளக் குளிப்பாட்டுனேன். தெரியும். தெரிஞ்சும் பத்து இருவது ஆச்சுன்னா அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காந்திருவேன். அரையாண்டுல ஃபர்ஸ்டுன்னு வந்த அன்னைக்கித்தான் அவ போனத் தொறந்தேன். அது யாருன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கடையில் அச்செடுத்த மதிப்பெண் பட்டியல். கணக்கு தொண்ணூற்று நான்கு. அது தன் கையால் வந்த மார்க் என்று கார்த்திகாவுக்குத் தெரியும். ஆனாலும் வேறு யாரோ உயிரோடு இருந்து வாங்கியதுபோல இருந்தது.

தாட்சாயிணி கார்த்திகாவுக்கு நெருங்கி உட்கார்ந்து, அவள் பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். கை ஈரமாக, குளிர்ந்து இருந்தது.

"ஒண்ணு சொல்லுதேன், கோச்சுக்காத. நீ எழுதுறது அவள மாதிரி இல்ல பிள்ள. அவ கணக்குல நாப்பதுக்கு மேல எடுக்க மாட்டா. கூட்டும்போது மேல ஏத்துனத விட்டுருவா. ஏழுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதுவா." குரல் தாழ்ந்தது. "அடுத்த பரீட்சைல கொஞ்சம் தப்பா எழுதேன். மேல ஏத்துனத விட்டுரு. அப்ப அவளாட்டம் இருக்கும்."

கார்த்திகா தலையை ஆட்டினாள். ஆட்டினோம் என்பது ஆட்டிய பிறகுதான் தெரிந்தது.

"அதெல்லாம் வோணாம்மா" என்றாள் ஜெகதாம்பாள். "எம்பொண்ணு மெர்சலாயி சோறு துன்னாம கெடக்குது. இத்தோட உட்டுடு."

"விட்டா என்ன வரும் தெரியுமாக்கா? 'வரவில்லை'ன்னு வரும். தெனமும் வரும். அத மட்டும் என்னால படிக்க முடியாது." எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு இருந்தது. "வெள்ளிக்கிழமை நானே வந்து கையெழுத்துப் போடுதேன். மிஸ் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. உம்பிள்ளைக்கும் நல்லதுதான?"

ஜெகதாம்பாள் அந்தப் போட்டோவையே பார்த்தாள். தன் மகளின் பரீட்சை அந்தப் போட்டோவில் தொங்கிக்கொண்டிருந்தது. மின்சார ரயிலில் திரும்பி நெமிலிச்சேரியில் இறங்கும்போது, "நானும் அவளுக்கு மேல ஒசத்தி இல்லடி, பாத்துக்கோ" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆவடியில் ஒரு பள்ளிக்கூட ஹால். போனில் பெயராக இருந்தவர்கள் முதல் தடவையாக ஆளாக வந்திருந்தார்கள். சுரேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ராகேஷை அவன் அப்பா இடுப்பில் தூக்கி வந்திருந்தார். கௌதம் எல்லாரையும்விடக் குள்ளம்.

"நீதான் கார்த்திகாவா? கொரல வெச்சி ஒசரமா இருப்பேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"நீ மட்டும் இன்னா பனமரமா?"

"அத்த உடு. எங்க அந்த ஃபர்ஸ்ட் ரேங்க்கு? அதப் பாக்கத்தான் லோடு வுட்டுட்டு வந்துகீறேன்."

கார்த்திகா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் தாட்சாயிணி. தாட்சாயிணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கார்த்திகா இழுத்துக்கொள்ளவில்லை.

ஆபீசர் கலியமூர்த்தி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பட்டியலைப் பார்த்தார். "சும்மா சொல்லக் கூடாது டீச்சர், இந்த மாதிரிப் பிள்ளைங்கள வெச்சிக்கிட்டு நல்ல ரிசல்ட்டு. தொண்ணூத்து நாலு! அந்தப் பொண்ண மொதல்ல கூப்பிடுங்க."

"சார், அவங்க அம்மா வந்திருக்காங்க. பொண்ணுக்கு உடம்பு..." என்று சுதா ஆரம்பித்தாள்.

அதற்குள் அவர் கண் பெஞ்சுக்கு வந்துவிட்டது. கோர்த்திருந்த கைகளைப் பார்த்தார். "இதானே? எந்திரிம்மா. கிருஷ்ணப்பிரியா நீதானே?"

கார்த்திகா எழுந்துவிட்டாள். சுதா மிஸ் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். கௌதம் வாயைத் திறந்து, திறந்தபடியே இருந்தான். ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் இருபது. சொல்லிவிட்டால் கார்த்திகா யார்? மேலே ட்யூப் லைட் இரண்டானது. ஆபீசர் இரண்டானார்.

அவள் கை உதறத் தொடங்கியதை, அதைப் பிடித்திருந்தவள்தான் முதலில் உணர்ந்தாள்.

"இல்ல சார்" என்றாள் தாட்சாயிணி. "இது கார்த்திகா. கிருஷ்ணப்பிரியா வரல."

அந்தச் சொல்தான் கார்த்திகாவுக்குக் கடைசியாகக் கேட்டது.

கண் விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கு அடியில் கௌதமின் சட்டை, அதில் பூவும் வேர்வையுமாக வாசம். அவன் பனியனோடு கதவை மறைத்து நின்று, எட்டிப் பார்த்த வேறு வகுப்புப் பிள்ளைகளை, "இன்னா ஷோவா காட்றாங்க? போங்கடா" என்று விரட்டிக்கொண்டிருந்தான். அம்மா அவள் பாவாடையைச் சரிசெய்து ஒரு துண்டால் போர்த்தியிருந்தாள். மேஜைக்கு முன்னால் தாட்சாயிணி நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஆகஸ்டு, எத்தனை மணி, எந்த ஆஸ்பத்திரி. ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்துவிட்டு எழுதாமல் கேட்டார்.

கேட்டு முடித்துப் பட்டியலில் ஒரு கோடு போட்டார். நேராக, மெதுவாகப் போட்டார்.

"உங்ககிட்ட அப்புறம் பேசறேன் டீச்சர்" என்றார். சுதா மிஸ் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "பத்தொம்பது. இனி எல்லாரையும் பக்கத்து ஸ்கூல்ல சேர்த்துத்தான் பேர் அனுப்பணும். வேற வழியில்ல." கார்த்திகாவின் தாளை எடுத்தார். "இந்தப் பொண்ணுக்கு அந்த ஸ்கூல்ல ஏற்கெனவே குறிப்பு இருக்கே. கூட ஒரு ஆள் தினமும் வரணும். யாரும்மா வர்றது?"

ஜெகதாம்பாள் தரையைப் பார்த்தாள். விடிகாலைக் கிரைண்டர், மெஸ், பாக்கெட், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற புருஷன்.

"நான் வாரேன் சார்" என்றாள் தாட்சாயிணி.

கார்த்திகாவுக்கு அந்தக் குளிர்ந்த கை நினைவுக்கு வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிரேயர் கிரவுண்டில் தனியாக நிற்பதாக நினைத்துப் பார்த்தால் அது அதைவிடப் பயமாக இருந்தது. அம்மாவைப் பார்த்தாள்.

ஆபீசர் படிவத்தைத் திருப்பினார். "பேரு தாட்சாயிணி. உறவுமுறை என்னம்மா? பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

ஒரு சொல் தாட்சாயிணியின் உதடு வரைக்கும் வந்து நிற்பது கார்த்திகா படுத்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பேனா முனை தாளின் மேல் காத்திருந்தது.

ஜெகதாம்பாள் மகளின் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, தாட்சாயிணியை நேராகப் பார்த்து, சத்தமாகச் சொன்னாள்.

"பெரீம்மான்னு எழுதிக்கோ சார்."